ஹாலிவுட் காட்டிய ‘இந்திய ஞானி’: திருவண்ணாமலை ரமணர் உண்மையில் யார்?

அது 1946-ம் ஆண்டு. செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் ஒரு பொன்விழா. வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, இந்த ஊருக்கு வந்து சேர்ந்து சரியாக 50 வருஷம். பையனுக்கு இப்போது 66 வயது. ஊரே அவரை ரமண மகரிஷி என்று அழைக்கிறது. அவர் பாட்டுக்குச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ படம் ரிலீஸ் ஆனது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரிப்பு. அந்தக் கால சூப்பர் ஸ்டார் டைரோன் பவர் ஹீரோ. முதல் உலகப் போரில் மனசு உடைந்த ஒரு அமெரிக்க இளைஞன், வாழ்க்கைக்கு அர்த்தம் தேடி இந்தியா வருகிறான். மலைமேல் ஒரு ஞானியைச் சந்திக்கிறான். இதுதான் கதையின் திருப்புமுனை.

அந்த ஞானி பாத்திரத்துக்கு விதை, திருவண்ணாமலை ரமணர் என்பது பல வருஷமாகச் சொல்லப்படும் விஷயம். ஆனால் திரையில் வந்தவர் செசில் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய நடிகர். பாத்திரத்தின் பெயர்? பெயரே கிடையாது. டைட்டிலில் ‘ஹோலி மேன்’, அதாவது புனித மனிதர், அவ்வளவுதான். படத்தில் வரும் இமயமலைக் காட்சிகளுக்காக, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கத்து மலைகளில் போய் கேமரா வைத்தார்கள்.

ஒரிஜினல் ஆள் உயிரோடு இருக்கும்போதே அவருடைய முகம், மொழி, ஊர், மலை நான்கும் மாறிவிட்டன. எப்படி?

வேறொருவர் போடும் வேஷம்

இது ரமணருக்கு மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை டிவியும் விளம்பரமும் எப்படிக் காட்டுகின்றன என்ற சண்டை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. 1967-ல் சோள சிப்ஸ் விற்பதற்காக ஃப்ரிட்டோ-லே நிறுவனம் ‘ஃப்ரிட்டோ பண்டிட்டோ’ என்று ஒரு கார்ட்டூன் பாத்திரத்தை இறக்கியது. பெரிய தொப்பி, மீசை, இடுப்பில் துப்பாக்கி, அடுத்தவர் சிப்ஸைத் திருடும் மெக்சிகோ கொள்ளைக்காரன். மெக்சிகோ வம்சாவளி அமைப்புகள் விடாமல் எதிர்த்ததில் 1971-ல் அந்த விளம்பரம் மறைந்தது. அந்த மெக்சிகோக்காரனுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்த அதே ஆள்!

நம் பக்கம் வந்தால், 1968-ல் ‘தி பார்ட்டி’ படத்தில் பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக நடித்தார். ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் கடைக்காரர் அபுவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா. இந்திய வம்சாவளி காமெடியன் ஹரி கொண்டபோலு 2017-ல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அஸாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார்.

திருடன், கோமாளி, கடைக்காரர் என்றால் உடனே கோபம் வருகிறது. ஞானி என்றால்? பெருமையாகத்தானே இருக்கிறது, இதில் என்ன பிரச்னை என்று தோன்றும். அந்த இடத்தில்தான் ரமணரின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வக்கீல் வீட்டுப் பையன்

1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில் சுந்தரம் அய்யர், அழகம்மாள் தம்பதிக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார் வேங்கடராமன். அப்பா உள்ளூர் வக்கீல். 1892-ல் அப்பா இறந்துபோக, குடும்பம் சிதறியது. வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டுக்குப் போனார்கள்.

மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. படிப்பில் பெரிய ஆர்வமெல்லாம் கிடையாது. விளையாட்டில் கெட்டி. தூங்கினால் இடி விழுந்தாலும் எழமாட்டார். ஒருநாள் வீட்டில் பெரிய புராணம் கைக்குக் கிடைத்தது. அவர் விரும்பிப் படித்த முதல் பக்தி நூல் அதுதான். சமஸ்கிருத நூல் எதுவும் இல்லை, நாயன்மார் கதை! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1896 ஜூலையில், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கும்போதே திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. தரையில் பிணம்போல விறைத்துப் படுத்து, செத்துப்போவது உடம்பு என்றால் நான் என்பது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். சில நிமிட விஷயம்தான். அதற்குப் பிறகு அவர் பழைய பையனாக இல்லை.

ஆகஸ்ட் 29. பாடத்தைச் சரியாகப் படிக்காததற்கு இங்கிலீஷ் இலக்கணத்தை மூன்று தடவை எழுதும் தண்டனை. இரண்டு தடவை எழுதிவிட்டு மூடி வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொள்ள, அது சுருக்கென்று தைத்தது. பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அப்படியானால் என் காலேஜ் பீஸையும் கட்டிவிடு என்று அண்ணன் சொன்னதில் கையில் கிடைத்தது 5 ரூபாய். அதில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போய்விட்டார். பீஸ் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் அதில் எழுதியிருந்தார்!

வீட்டில் இருந்த பழைய வரைபடப் புத்தகத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று கணக்குப் போட்டு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று வழியில் சொல்லித் திருத்தியவர், ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி. விழுப்புரத்துக்கு அப்புறம் காசு தீர்ந்தது. நடை. திருக்கோவிலூர் பக்கம் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். செப்டம்பர் 1-ம் தேதி காலை அண்ணாமலையார் கோயிலுக்குள் போனார். அடகு ரசீதைக் கிழித்துப் போட்டார். தலையை மழித்துக்கொண்டார். பூணூலைக் கழற்றினார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கினார். அன்றிலிருந்து சாகும்வரை 53 வருஷமும் ஏழு மாசமும் அந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை.

ஹாலிவுட் கதையில் இந்த மாதிரி அடகுக் கடையும் ரயில் கணக்கும் வராது. ஞானிகள் அங்கே மலைமேல் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சோறு போட்ட பெண்கள்

கோயிலில் முதலில் ஆயிரங்கால் மண்டபம். சின்னப் பையன்கள் கல் எறிந்தார்கள். தொல்லை தாங்காமல் பாதாள லிங்கம் இருக்கும் இருட்டுக் குழிக்குள் போனார். அங்கே தொடையைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. அவரைப் பையன்களிடமிருந்து காப்பாற்ற நின்றவர்களில் ஒருவர் சேஷாத்ரி சுவாமிகள். பிறகு குருமூர்த்தம், பவழக்குன்று. 1899 வாக்கில் மலைமேல் விரூபாட்ச குகை. அங்கே 1916 வரை இருந்தார்.

குகையில் இருப்பவருக்கு யார் சாப்பாடு கொடுத்தது? ஆங்கிலப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் இது. ஊர்ப் பெண்கள்தான். மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்த கீரைப்பாட்டி. தினமும் சோறு சுமந்துவந்த முதலியார் பாட்டி. மண்டகொளத்தூரிலிருந்து வந்த எச்சம்மாள். கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் அடுத்தடுத்து பறிகொடுத்தவர் அவர். ரமணர் முன்னால் வந்து உட்கார்ந்தபோது துக்கம் கொஞ்சம் இறங்கியது என்று இங்கேயே தங்கி, கடைசிவரை சாப்பாடு கொண்டுவந்தார். மலையேறும் பாதையில் தூக்குப் பாத்திரத்தோடு நடந்த இந்தப் பெண்கள் எந்தப் படத்தின் ஃபிரேமிலும் இல்லை.

1907-ல் சமஸ்கிருதப் பண்டிதர் கணபதி முனி குகைக்கு வந்தார். பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்ற பெயர் அவர் வைத்ததுதான். அதுவரை பிராமண சுவாமி. 1916-ல் அம்மா அழகம்மாள் மகனோடு தங்க நிரந்தரமாக வந்தார். அதே காலத்தில் ஜாகை கந்தாசிரமத்துக்கு மாறியது. 1922 மே 19-ல் அம்மா இறந்தார். மலையடிவாரத்தில் அம்மாவின் சமாதி இருந்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

மௌனி பாட்டெழுதிய கதை

மௌனம். ரமணர் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் வார்த்தை. ஆரம்ப வருஷங்களில் அவர் பேசாமல் இருந்தது உண்மை. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேள்வி கேட்டபோது எழுதித்தான் பதில் சொன்னார். ‘நான் யார்?’ நூல் அப்படிப் பிறந்தது.

ஆனால் பின்னாளில் அவர் நன்றாகவே பேசினார். கிண்டலடித்தார். பெரிய புராணக் கதை சொல்லும்போது நாயன்மாராகவே நடித்துக் காட்டுவார், உருக்கமான இடம் வந்தால் தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திவிடுவார். தினமும் பேப்பர் படித்தார். விடியற்காலையில் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். கீரைத் தண்டைக்கூட வீணாக்கவிட மாட்டார். சம்பூர்ணம்மாள் போல ஆசிரம அடுக்களையில் வேலை செய்த பெண்களின் நினைவுகளில் வரும் ரமணர், கறாரான ஒரு தலைமைச் சமையல்காரர்!

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தமிழ்க் கவிஞர். விரூபாட்ச குகையில் இருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக எழுதியதுதான் அருணாசல அட்சரமணமாலை. தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் எழுத்து எழுத்தாகத் தொடங்கும் 108 கண்ணிகள். மலையைக் காதலனாக வைத்துப் பாடிய அந்தப் பாட்டுக்குப் பின்னால் தேவாரமும் திருவாசகமும் இருப்பது, தமிழ் இலக்கியத்தைக் கொஞ்சம் தொட்டவர்களுக்கே தெரிந்துவிடும்.

அம்மா ஒருநாள் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டார். மகன் அப்பளம் இடவில்லை. உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் என்று அத்தனை சாமான்களையும் வைத்து, ஆன்ம விசாரணையையே அப்பளம் இடும் வேலையாக மாற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அப்பளப் பாட்டு என்று அதற்குப் பெயர். வயிறு தரும் தொல்லையைப் பற்றி ஔவையார் பெயரில் ஒரு பழைய வெண்பா உண்டு. ரமணர் அதற்கு எதிர்ப்பாட்டு எழுதினார், மனிதன் தரும் தொல்லையைப் பற்றி வயிறு புலம்புவதாக!

தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த முருகனார் விடாமல் கேட்டதில் உபதேச உந்தியார், உள்ளது நாற்பது என்று நூல்கள் வந்தன. வெண்பா இலக்கணத்தைப் பள்ளியில் படித்துக் கற்றவர் இல்லை அவர். மலைமேல், கேட்டும் படித்தும் பழகியதுதான்.

திரையில் வந்த ‘ஹோலி மேன்’ இதில் ஒன்றையும் செய்யவில்லை. நல்ல ஆங்கிலத்தில் ஹீரோவுக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவைத்தார். அவருக்கென்று ஒரு தாய்மொழி இருந்ததா என்பதே படம் பார்த்தவர்களுக்குத் தெரியாது.

மேற்கிலிருந்து வந்தவர்கள்

1911-ல் ஃபிராங்க் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் போலீஸ் அதிகாரி வேலூரிலிருந்து வந்தார். ரமணரைப் பார்க்க வந்த முதல் மேற்கத்தியர் அவர்தான் என்று ஆசிரம வரலாறு சொல்கிறது. (35 வருஷம் கழித்துத் திரையில் ஞானியாக நடித்தவருக்கும் ஹம்ஃப்ரீஸ் என்றே பெயர் அமைந்தது வெறும் தற்செயல்.) அவர் எழுதிய கடிதங்கள் லண்டனில் ஒரு ஆவியுலக ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்தன. வெளிநாட்டு அச்சில் ரமணரின் முதல் பிரவேசமே ஆவி, அதிசயம் பிரிவில்தான்.

பெரிய திருப்பம் பால் பிரன்டன். இயற்பெயர் ராஃபேல் ஹர்ஸ்ட். லண்டன் பத்திரிகையாளர். இந்தியாவில் யோகிகளைத் தேடி அலைந்தவருக்குச் செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியாரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. திருவண்ணாமலைக்குப் போகும்படி அவர் வழிகாட்டினார். 1931-ல் பிரன்டன் ரமணர் முன் உட்கார்ந்தார். 1934-ல் அவருடைய ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ வெளிவந்து சக்கைப்போடு போட்டது.

தலைப்பையே கவனியுங்கள். ரகசிய இந்தியா! யாருக்கு ரகசியம்? கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடும் ஊர். ரயில் வருகிறது. ரமணரைப் பார்க்க டிக்கெட் இல்லை, அனுமதி இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் ஹாலின் கதவு திறந்தே கிடக்கும். ஆனால் லண்டன் புத்தகக் கடையில் திறந்த கதவை விற்க முடியாது. பூட்டிய கதவு வேண்டும்.

பிரன்டனுக்கு ரமணர்மேல் இருந்த மரியாதை நிஜம். அவர் புத்தகம் இல்லாவிட்டால் மேஜர் சாட்விக் போன்றவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். இருந்தாலும், ரமணர் சொன்னதை எடுத்துத் தன் சரக்குபோல எழுதுகிறார் என்று ஆசிரமத்தில் மனவருத்தம் எழுந்து, பின்னாளில் ஹாலில் அவர் குறிப்பெடுப்பதற்கு நிர்வாகம் தடை போட்டது.

அடுத்து வந்தவர் சோமர்செட் மாம். அன்று உலகிலேயே அதிகம் விற்ற ஆங்கில எழுத்தாளர்களில் ஒருவர். 1938-ல் சென்னையிலிருந்து காரில் வந்தார். வெயில் நேரம். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டுபோய் சாட்விக்கின் அறையில் படுக்கவைத்தார்கள். விஷயம் தெரிந்து ரமணரே அங்கே வந்தார். இருவரும் எதிரெதிரே சுமார் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, ரமணர் வழக்கமாக உட்காரும் ஹாலைப் பார்க்க மாம் போனார். ஜன்னல் வரைக்கும்தான். வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மொத்தமே சில மணி நேரம். ஆனால் அந்த மயக்கம் இந்தியா முழுக்கச் செய்தியானது. மகரிஷியின் சக்தியில் எழுத்தாளர் சமாதி நிலைக்குப் போய்விட்டார் என்று பேச்சு. தனக்கு முன்பும் இப்படி மயக்கம் வந்ததுண்டு என்று மாம் பிறகு எழுதினார். சக்தி என்று கதை கட்டுவதில் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை.

அந்தச் சில மணி நேரம் 1944-ல் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வேறு உருவம் எடுத்தது. ஞானியின் பெயர் ஸ்ரீ கணேசா. ஆசிரமம் திருவாங்கூரில். இந்த அளவுக்காவது தென்னிந்தியா மிஞ்சியது. இரண்டே வருஷத்தில் படமானபோது அதுவும் போனது. பெயர் போய் ‘ஹோலி மேன்’ ஆனது, தெற்கு போய் இமயமலை ஆனது. படம் நான்கு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரையானது. ஆன் பாக்ஸ்டர் சிறந்த துணை நடிகை விருது வாங்கினார். பரிந்துரை பட்டியலில் கலை இயக்கமும் உண்டு!

1984-ல் அதே கதையைத் திரும்ப எடுத்தார்கள், பில் முர்ரே ஹீரோ. இந்த முறை நிஜ இந்தியாவுக்கே வந்தார்கள், லடாக்குக்கு. ஞானி பௌத்த லாமாவாகிவிட்டார். திருவண்ணாமலையில் ஆரம்பித்த கதை 40 வருஷத்தில் கிட்டத்தட்ட திபெத் எல்லைக்கே போய்விட்டது. அருணாசலத்தைவிட்டு ஒருநாள்கூட நகராத மனிதருக்கு இப்படி ஒரு பயணம்.

பார்க்காமலேயே தெரிந்துகொண்டவர்

இந்த வரிசையில் மிக வினோதமானவர் கார்ல் யூங். உலகப் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர். 1937-38 குளிர்காலத்தில் இந்தியா வந்தார், சென்னைப் பக்கமும் வந்தார். அவருடைய நண்பரும் இந்தியவியல் அறிஞருமான ஹைன்ரிஷ் சிம்மருக்கு ரமணர்மேல் நிறைய ஆர்வம் இருந்தது. ஆனாலும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை.

ஏன் என்று 1944-ல் சிம்மரின் ரமணர் நூலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே விளக்குகிறார். இந்த மாதிரி ஞானியை இந்தியாவில் தெருவெங்கும் பார்த்தாயிற்று, அந்த ஒரு ஆளைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை என்பதுதான் சாரம். பாராட்டித்தான் எழுதுகிறார், கேலி செய்யவில்லை. ஆனால் மனிதர் ஒரு ‘வகை’ ஆகிவிட்டார். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

ஃப்ரிட்டோ பண்டிட்டோவை வரைந்தவருக்கும் யூங்குக்கும் அறிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருவருக்கும் தேவைப்படாத ஒன்று மட்டும் பொதுவாக இருக்கிறது, எதிரில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட ஆள்.

நாமும் விட்டுவிட்ட விஷயங்கள்

வெளியூர்க்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1946-ல் ஜி.ஜி.வெல்லிங் எடுத்த ஒரு போர்ட்ரெய்ட் உண்டு. நரைத்த முடி, லேசான சிரிப்பு, உங்களையே பார்க்கும் கண்கள். இன்று செங்கம் சாலையில் நடந்தால் கடை போர்டு, லாட்ஜ் வரவேற்பறை, ஆட்டோ, காலண்டர், செல்போன் ஸ்டேட்டஸ் என எங்கும் அந்த முகம்தான். 1971-ல் தபால்தலையும் வந்துவிட்டது. முகம் எல்லோருக்கும் தெரியும். அப்பளப் பாட்டு எத்தனை பேருக்குத் தெரியும்?

சங்கடமான விஷயங்களும் காலண்டருக்கு ஒத்துவராது. பூணூலைக் கழற்றியவரின் ஆசிரமத்திலேயே சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி வரிசை இருந்தது. ரமணர் இரண்டு பக்கமும் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பிரிவை அவர் ஏன் முழுசாக எடுக்கச் சொல்லவில்லை என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. நிர்வாகம் யாருக்கு என்பதில் முன்னாள் நிர்வாகி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 1936-ல் கமிஷன் ஆசிரமத்துக்கே வந்து ரமணரிடம் வாக்குமூலம் வாங்கியது. சொத்து, உரிமை, சந்நியாச முறை என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வக்கீல் மகன் நிதானமாகப் பதில் சொன்னார். உலகமே தெரியாத மலைச்சாமியார் என்ற சித்திரத்தில் இந்தக் காட்சியை எங்கே ஒட்டுவது?

அவர் நடப்பதும் சிரிப்பதும் பழைய படச்சுருள்களில் இருக்கின்றன. எல்லாம் ஒலி இல்லாதவை. ‘மௌன ஞானி’ பிம்பம் வலுவானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசி ஏப்ரல்

1949 தொடக்கத்தில் இடது கை முழங்கைப் பக்கம் ஒரு சின்னக் கட்டி. பிப்ரவரியில் அகற்றினார்கள், திரும்ப வந்தது. சார்கோமா வகைப் புற்றுநோய். அந்த ஒரே வருஷத்தில் நான்கு ஆபரேஷன். கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வலியோடும் தினமும் தரிசனம் கொடுப்பதை நிறுத்தவில்லை.

அதே 1949 மே மாதம் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகை அவரைப் பற்றிப் பெரிய கட்டுரை போட்டது. எழுதியவர் வின்த்ரோப் சார்ஜென்ட், படங்கள் எலியட் எலிசோஃபன். தலைப்பு? ‘ஹோலி மேன்’. பட டைட்டிலில் இருந்த அதே இரண்டு வார்த்தை.

1950 ஏப்ரலில் உலகின் முன்னணி புகைப்படக்காரர்களில் ஒருவரான ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். படுத்திருக்கும் ரமணரின் கடைசிப் படங்களில் சில அவர் எடுத்தவை. ஏப்ரல் 14 இரவு 8.47 மணி. வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக வடக்கே மலைப்பக்கம் போவதை அவர் பார்த்தார். நேரம் எத்தனை என்று விசாரித்தபோது, ரமணர் உயிர் பிரிந்த அதே நேரம். வெளிநாட்டில் ரமணரைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் இன்றுவரை இந்த நட்சத்திரம் வந்துவிடும்.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்தச் சின்ன அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது வேறு. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பக்தர்கள் அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினார்கள். 35 வருஷத்துக்கு முன், பிச்சைக்குப் போகும் சாதுக்களுக்காக அவரே எழுதிக்கொடுத்த பாட்டு. காதில் விழுந்ததும் ரமணர் கண்ணைத் திறந்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. பாட்டு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.